‘செத்துப்போன’ கம்ப்யூட்டர் கண் விழித்தது!

புதுக்கோட்டைப் பக்கம் வந்திருக்கிறீர்களா குட்டீஸ்? வந்தால் திருக்கோகர்ணத்தைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். பாறையைக் குடைந்து உருவாக்கிய கோகர்ணேசுவரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. 1910-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகமும் அங்கேதான்!

இந்த ஊர் பிரகதாம்பாள் அம்மனின் உருவம் பொறித்த ஒரு குட்டிச் செப்புக்காசு உண்டு. ‘அம்மன் காசு’ என்று பெயர். புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட சொந்த நாணயம் அது. ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற சொல். 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்துவிட்டது. இன்று அந்தக் காசை எடுத்துக்கொண்டு போய் ஒரு மிட்டாய் கேட்டால் கடைக்காரர் கொடுப்பாரா? மாட்டார். காசில் ஏதாவது கோளாறா? இல்லை. கடையில் கோளாறா? அதுவும் இல்லை. இரண்டும் நல்லவைதான். ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அவ்வளவுதான்!

இந்தக் காசை மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

திருக்கோகர்ணத்தில்தான் என் அக்கா வீடு. அக்கா மகள் எட்டாம் வகுப்பு. மகன் ஐந்தாம் வகுப்பு. போன கோடை விடுமுறையில் ஒருநாள் காலையில் போன் வந்தது.

“மாமா, தாத்தாவோட கம்ப்யூட்டர் செத்துப்போச்சு!” என்றான் சின்னவன். குரலில் அழுகை.

தாத்தா என்றால் என் அப்பா. 2004-ல் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். வீட்டில் எடுத்த போட்டோக்களை எல்லாம் அதில்தான் சேர்த்து வைத்தார். 2014-ல் அவர் இறந்துவிட்டார். சின்னவன் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். அவன் பார்த்த தாத்தா, சுவரில் மாலை போட்டு மாட்டிய படத்தில் விறைப்பாக இருக்கும் தாத்தாதான். ஆனால், பேத்தி பிறந்தபோது அவளைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் வாய்விட்டுச் சிரித்த ஒரு போட்டோ அந்தக் கம்ப்யூட்டரில் உண்டு. வேறு எங்கும் பிரதி கிடையாது. அதைப் பார்க்கத்தான் பிள்ளைகள் கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார்கள். மின்விசிறி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

“எதிர் வீட்டு அண்ணன் பழைய கார்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டின்ல கொடுத்தாரு மாமா. அதில ஒண்ணை மாட்டப் பார்த்தோம். உள்ள போகவே மாட்டேங்குது. அழுத்திப் பார்க்கவா?”

“அழுத்தாதே! தொடாதே! பிளக்கைப் பிடுங்கி வை. நான் வர்றேன்” என்றேன்.

ஏன் அப்படிப் பதறினேன்? சொல்கிறேன்.

திரை இருட்டானால் படம் அழிந்துவிட்டதா?

முதலில் ஒரு நல்ல செய்தி. போட்டோக்கள் இருப்பது ஹார்டு டிஸ்க்கில். அவற்றைத் திரைக்கு அனுப்பும் வேலையைச் செய்வது வீடியோ கார்டு. ஹார்டு டிஸ்க் என்பது புத்தகம் மாதிரி. வீடியோ கார்டு அதைப் படிக்க உதவும் விளக்கு மாதிரி. விளக்கு அணைந்தால் புத்தகம் எரிந்துவிட்டது என்று அர்த்தமா? இல்லையே! இதைச் சொன்னதும் இரண்டு முகங்களிலும் பாதிக் கவலை போய்விட்டது.

ஆனாலும் வீடியோ கார்டுதான் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? விசாரணையைத் தொடங்கினோம். ஒரு நோட்டை எடுத்து, செய்வதை எல்லாம் எழுதச் சொன்னேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

முதல் சோதனை: கண்ணால்!

மானிட்டரில் விளக்கு எரிகிறதா? எரிந்தது. கேபிள் ஒழுங்காகச் சொருகியிருக்கிறதா? பழைய மானிட்டர் கேபிளின் முனையில் மூன்று வரிசையாக 15 ஊசிகளுக்கான இடம் இருக்கும். அதில் ஓர் ஊசி வளைந்தாலும் படம் வராது, அல்லது நிறம் மாறி வரும். எங்கள் ஊசிகள் நேராகவே இருந்தன.

சில கம்ப்யூட்டர்களில் மானிட்டர் சொருக இரண்டு இடம் இருக்கும். ஒன்று மதர்போர்டிலேயே இருப்பது. இன்னொன்று வீடியோ கார்டில் இருப்பது. கார்டைப் புதிதாக மாட்டிவிட்டு, கேபிளைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டால் திரை இருட்டாகத்தான் இருக்கும். பெரியவர்களே இந்தத் தவறைச் செய்துவிட்டு ‘கார்டு போச்சு’ என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள்! எங்கள் பெட்டியில் ஒரே இடம்தான். ஆகவே அதுவும் காரணம் இல்லை.

இரண்டாவது சோதனை: காதால்!

“இப்ப ஆன் பண்ணு. யாரும் பேசக்கூடாது” என்றேன்.

“பீ...ப்! பிப்! பிப்!”

“ஐ! ஏதோ பேசுது மாமா!” என்றான் சின்னவன்.

உண்மைதான் குட்டீஸ். ஆன் செய்தவுடன் கம்ப்யூட்டர் தன் உறுப்புகளைத் தானே ஒருமுறை சரிபார்க்கும். ‘பயாஸ்’ என்ற சிறு புரோகிராம் இதைச் செய்கிறது. திரையே வேலை செய்யாதபோது அது எப்படிப் புகார் சொல்லும்? பீப் சத்தத்தால்தான்! அவார்டு வகை பயாஸில் ஒரு நீளச் சத்தமும் இரண்டு குட்டைச் சத்தமும் வந்தால், ‘வீடியோவில் கோளாறு’ என்று பொருள். ஏ.எம்.ஐ. வகையில் எட்டுக் குட்டைச் சத்தம் வந்தால், வீடியோ கார்டின் நினைவகத்தில் சிக்கல். எங்கள் பெட்டி அவார்டு வகை. கம்ப்யூட்டர் சாகவில்லை. ‘எனக்குக் கண் தெரியவில்லை’ என்று கத்திக்கொண்டு இருந்திருக்கிறது!

மூன்றாவது சோதனை: கையால்!

பிளக்கைப் பிடுங்கினோம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக் சொருகியிருக்கும்வரை மதர்போர்டுக்குள் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். பிறகு பெட்டியின் வர்ணம் பூசாத இரும்புப் பகுதியைத் தொட்டோம். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்புகளைக் கெடுத்துவிடும். இரும்பைத் தொட்டால் அது போய்விடும்.

கார்டை மெதுவாகக் கழற்றினேன். அதன் அடிவிளிம்பில் பொன்னிறத்தில் வரிசையாகப் பற்கள். அவற்றில் அழுக்குப் படிந்தாலும் தொடர்பு விட்டுப்போகும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, மறுபடி மாட்டினோம். பல வீடுகளில் இந்த ரப்பர் வைத்தியத்திலேயே கார்டு பிழைத்துக்கொள்ளும்.

“பீ...ப்! பிப்! பிப்!”

எங்களுக்குப் பலிக்கவில்லை. மறுபடி கழற்றி உற்றுப் பார்த்தாள் பெரியவள். “மாமா, இந்தக் குட்டி டப்பா மட்டும் பூரி மாதிரி உப்பியிருக்கு!”

கெட்டிக்காரி! அந்தக் குட்டி டப்பாவின் பெயர் கெபாசிட்டர். மின்விசிறிக்குப் போடும் ‘கண்டன்சர்’ இருக்கிறதே, அதன் சின்னத் தம்பி. 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கத் தரம் குறைந்த கெபாசிட்டர்கள் ஏராளமான மதர்போர்டுகளிலும் கார்டுகளிலும் நுழைந்துவிட்டன. சில வருடங்களில் அவற்றின் தலை உப்பும், வெடித்துக் கசியும். அந்தக் கார்டு ஓய்வு பெற வேண்டியதுதான்.

அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்போது எதிர் வீட்டு அண்ணன் கொடுத்த கார்டுக்கு வருவோம். அது கெட்ட கார்டு அல்ல. அவருடைய பழைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டு இருந்ததுதான். பிறகு ஏன் உள்ளே போகவில்லை?

கார்டுகளை மாட்டும் நீளப் பள்ளத்தை ‘ஸ்லாட்’ என்பார்கள். எங்கள் மதர்போர்டில் பழுப்பு நிறத்தில் ஒன்று, வெள்ளை நிறத்தில் மூன்று இருந்தன. வெள்ளை ஸ்லாட் பி.சி.ஐ. வகை. 1992-ல் வந்தது. பழுப்பு ஸ்லாட் ஏ.ஜி.பி. வகை. படத்துக்காகவே தனியாக ஒரு வேகமான பாதை வேண்டும் என்று இன்டெல் நிறுவனம் 1996-ல் இதை அறிவித்தது. 2004-ல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற புது வகை கடைகளுக்கு வந்தது. அதன் பிறகு ஏ.ஜி.பி. மெல்ல மறைந்தது.

ஏ.ஜி.பி. என்ற ஒரே பெயருக்குள்ளேயே அண்ணன் தம்பிகள் உண்டு. அதுதான் குழப்பம்! முதலில் வந்த கார்டுகள் 3.3 வோல்ட்டில் பேசும். 1998-ல் வந்த அடுத்த வகை 1.5 வோல்ட்டில் பேசும். 2002-ல் வந்தது 0.8 வோல்ட்டுக்கே இறங்கிவிட்டது.

மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகக் கார்டின் அடியில் ஒரு வெட்டு வைத்தார்கள். ஸ்லாட்டுக்குள் ஒரு தடுப்பு வைத்தார்கள். வெட்டும் தடுப்பும் ஒரே இடத்தில் இருந்தால்தான் கார்டு உட்காரும். 3.3 வோல்ட் கார்டில், மானிட்டர் சொருகும் தகட்டுக்குப் பக்கத்தில் வெட்டு இருக்கும். 1.5 வோல்ட் கார்டில் அது தகட்டிலிருந்து தள்ளி இருக்கும். இரண்டு வெட்டும் இருந்தால் இரண்டு ஸ்லாட்டிலும் உட்காரும்.

பெரியவள் அண்ணன் கொடுத்த கார்டை ஸ்லாட்டின் மேல் பிடித்துப் பார்த்தாள். “வெட்டு இந்தப் பக்கம் இருக்கு. தடுப்பு அந்தப் பக்கம் இருக்கு மாமா!”

ஆமாம். கார்டு 3.3 வோல்ட். மதர்போர்டு 1.5 வோல்ட்!

உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் போடும் பென்சில் பேட்டரி 1.5 வோல்ட். ஒரே ஒரு பேட்டரிக்கான சின்ன டார்ச் பல்பை, இரண்டு பேட்டரியை வரிசையாக வைத்து எரித்தால் என்ன ஆகும்? ‘பளிச்’ என்று ஒருமுறை எரிந்து பொசுங்கிவிடும். அதேபோல, சின்னவன் பலமாக அழுத்தியோ, தடுப்பை உடைத்தோ அந்தக் கார்டை உள்ளே திணித்திருந்தால், 1.5 வோல்ட்டுக்காகச் செய்த சிப்புக்குள் 3.3 வோல்ட் பாய்ந்திருக்கும். இரண்டு மடங்குக்கும் மேல்! மதர்போர்டே பாழாகியிருக்கலாம். நான் போனில் பதறியது இதற்குத்தான்.

“அப்ப கார்டும் நல்லது, கம்ப்யூட்டரும் நல்லது. ஆனா ரெண்டும் சேராது... அம்மன் காசு மாதிரி!” என்றான் சின்னவன்.

அடேங்கப்பா! நான் சொல்ல வந்ததை அவனே சொல்லிவிட்டான்.

அந்தக் காலத்திலேயே இந்தச் சண்டை!

இந்தப் பொருந்தாத பிரச்னை இன்று நேற்று வந்தது அல்ல குட்டீஸ். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோதே இரண்டு வகை வீடியோ கார்டுகள் இருந்தன. ஒன்று எழுத்துகளை மட்டும் ஒரே நிறத்தில் காட்டும். இன்னொன்று வண்ணப் படம் காட்டும். இரண்டிலும் மானிட்டர் சொருகும் இடம் பார்க்க ஒரே மாதிரி, ஒன்பது ஊசிகள்தான். ஆனால் ஒன்றின் மானிட்டரை இன்னொன்றில் சொருகினால் படம் வராது. மானிட்டர் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. வாய் ஒரே மாதிரி, மொழி வேறு!

1987-ல் அதே நிறுவனம் வி.ஜி.ஏ. முறையைக் கொண்டுவந்தது. 15 ஊசிக் கேபிள் அப்போது வந்ததுதான். மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. 1989-ல் கார்டு, மானிட்டர் தயாரிப்பவர்கள் ஒன்றுகூடி ‘வெசா’ என்ற அமைப்பை உருவாக்கி, பொதுவான விதிகளை வகுத்தார்கள். போட்டியாளர்கள்கூட உட்கார்ந்து பேசினால்தான் பொருட்கள் பொருந்தும்!

டின்னுக்குள் ஒரு புதையல்

சரி, எங்கள் கதைக்கு வருவோம். பிஸ்கட் டின்னைத் தரையில் கவிழ்த்தோம். மோடம் கார்டு, சவுண்டு கார்டு... கடைசியில் ஒரு சின்ன வீடியோ கார்டு. பற்களைப் பார்த்தோம். பி.சி.ஐ. வகை! வெள்ளை ஸ்லாட்டின் மேல் வைத்து வெட்டையும் தடுப்பையும் சரிபார்த்தாள் பெரியவள். அச்சாகப் பொருந்தியது.

பி.சி.ஐ. பாதையில் நொடிக்கு அதிகபட்சம் 133 மெகாபைட் தகவல்தான் போகும். கடைசியாக வந்த ஏ.ஜி.பி.யில் சுமார் 2,100 மெகாபைட் போகும். விளையாட்டு ஆடுவதற்கு வேண்டுமானால் பி.சி.ஐ. போதாது. போட்டோ பார்க்கத் தாராளமாகப் போதும். பஸ் போகாத ஊருக்கு மாட்டு வண்டி!

மாட்டினோம். திருகை முடுக்கினோம். கேபிளைச் சொருகினோம். ஆன்!

“பிப்!”

ஒரே ஒரு குட்டைச் சத்தம். ‘எல்லாம் நலம்’ என்று அர்த்தம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. இரண்டு பேரும் கைதட்டினார்கள். அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

தேதி மட்டும் 2003 ஜனவரி 1 என்று காட்டியது. மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால் இப்படித்தான்! கம்ப்யூட்டர் நாளை மறந்துவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம். பேட்டரியை மாற்றிவிடலாம்.

தாத்தா முகத்தில் திட்டுத் திட்டாக நிறம்!

விண்டோஸ் எக்ஸ்பி திறந்தது. ஆனால் எழுத்துகள் எல்லாம் பூதாகாரமாக இருந்தன. சின்னவன் அவசர அவசரமாக அந்தப் போட்டோவைத் திறந்தான். தாத்தா முகத்தில் மஞ்சள் திட்டு, பழுப்புத் திட்டு, சாம்பல் திட்டு! ஆள் யார் என்றே தெரியவில்லை.

“படம் கெட்டுப்போச்சா மாமா?”

இல்லை. கார்டு உடலால் பொருந்திவிட்டது. மொழியால் இன்னும் பொருந்தவில்லை! ஒவ்வொரு கார்டுக்கும் ‘டிரைவர்’ என்று ஒரு புரோகிராம் உண்டு. விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அது. அது இல்லாவிட்டால் விண்டோஸ் எல்லாக் கார்டுக்கும் தெரிந்த எளிய வி.ஜி.ஏ. பாஷையில் பேசும். அதில் 640 x 480 புள்ளிகள். 16 நிறங்கள் மட்டுமே.

பெருக்கிப் பாருங்கள். 3,07,200 புள்ளிகள் வரும். ஒரு மனித முகத்தில் எத்தனை மாநிறச் சாயல்கள்! பதினாறே கிரேயானை வைத்து அத்தனையும் தீட்ட முடியுமா?

கார்டின் சிப்பில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எக்ஸ்பிக்கான டிரைவரை என் லேப்டாப்பில் இறக்கினேன். பென் டிரைவில் எடுத்து வந்து, முதலில் பழைய கார்டின் டிரைவரை நீக்கினோம். பிறகு புதியதை ஏற்றினோம். பழைய கம்ப்யூட்டரை இணையத்தோடு இணைக்கவே இல்லை. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவது 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. வைரஸ் எளிதாகப் புகுந்துவிடும்.

கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து மறுபடி எழுந்தது. சின்னவன் போட்டோவைத் திறந்தான்.

வெள்ளை வேட்டி. தோளில் துண்டு. கையில் துணியில் சுற்றிய குட்டிப் பாப்பா. தாத்தா கண்களைச் சுருக்கிக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்தார்.

“தாத்தாவுக்கு முன்பல் ஒண்ணு இல்ல!” என்றான் சின்னவன். அவனுக்கும் இருக்கவில்லை, இரண்டு நாளுக்கு முன் கீழே விழுந்து உடைத்துக்கொண்டு இருந்தான்! அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றே எல்லாப் போட்டோக்களையும் இரண்டு பென் டிரைவ்களில் பிரதி எடுத்தோம். ஒன்று அக்கா வீட்டில். ஒன்று என் வீட்டில். முக்கியமானது எதுவும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது, இல்லையா?

நீங்களும் செய்து பார்க்கும் முன்...

* பெட்டியைத் திறக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிளக் வெளியே இருக்க வேண்டும்.

* மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும், பழைய குண்டு மானிட்டரையும் ஒருபோதும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் அவற்றுக்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

* கேபிள், பீப், பற்கள், ஸ்லாட், டிரைவர் - இந்த வரிசையில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்!

* உள்ளே போகாத கார்டை அழுத்தாதீர்கள். ‘ஏன் போகவில்லை?’ என்று கேளுங்கள்.

* உப்பிய கார்டையும் தீர்ந்த பேட்டரியையும் குப்பையில் போடாதீர்கள்; எரிக்காதீர்கள். மின்னணுக் கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள்.

அந்த 3.3 வோல்ட் கார்டை என்ன செய்தோம் என்று கேட்கிறீர்களா? பெரியவள் அதை ஒரு காகிதத்தில் பொதிந்து, மேலே எழுதி, அண்ணன் கொடுத்த டின்னிலேயே திருப்பி வைத்தாள்.

‘இது நல்ல கார்டு. 3.3 வோல்ட் ஸ்லாட்டில் மட்டும் மாட்டவும்!’